காட்பாடியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ, துபாய் வழியாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூன் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். பெங்களூரிலிருந்து துபாய், அங்கே விமானம் மாறி சான் பிரான்சிஸ்கோ. இரண்டுமே ஏ380. உலகிலேயே பெரிய பயணிகள் விமானம் அதுதான். அதில் போக வேண்டும் என்பதற்காகவே தேதியையும் ஊரையும் பார்த்து டிக்கெட் எடுத்தேன். திரும்பி வந்த நாள் முதல் தெருவிலும் அலுவலகத்திலும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களிலும் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. பிள்ளைகளைப் பார்க்க முதல்முறையாக வெளிநாடு கிளம்பும் பெற்றோர் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்கும், என்னைப் போல விமானத்தின் மீது ஆசை கொண்டவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

விமானம் என்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம்?

நான் வளர்ந்தது அரக்கோணத்தில். இப்போது அது ராணிப்பேட்டை மாவட்டம். எங்கள் பெரியவர்களுக்கு இன்றும் வட ஆற்காடு. எங்கள் ஊரில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் 1992 மார்ச்சில் தொடங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். டியூ-142 என்ற ரஷ்ய ரோந்து விமானங்கள் அங்கே வந்து சேர்ந்தன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறி. அது கிளம்பினால் வகுப்பறை ஜன்னல் கம்பி அதிரும். கணக்கு வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியைக் கரும்பலகையில் வைத்தபடியே நிற்பார்; சத்தம் திருத்தணிப் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகுதான் அடுத்த எண்ணை எழுதுவார். அந்த இடைவெளியில்தான் எனக்கு இந்த ஆசை வந்தது.

அந்த விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ராஜாளியிலேயே பணியிலிருந்து விடைபெற்றன. அவற்றின் இடத்தில் இப்போது பறக்கும் பி-8ஐ, போயிங் 737 பயணிகள் விமானத்தை அடிப்படையாகக் கொண்டது. நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள அந்த ஓடுதளத்தில், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்களும் இறங்கி ஏறின.

வேலூரிலேயே விமான நிலையம் இருக்கிறதே, அங்கிருந்து போக முடியாதா?

அப்துல்லாபுரத்தில் இருப்பது சிறிய ஓடுதளம். மத்திய அரசின் உடான் திட்டத்தில் அதைச் சேர்த்துச் சீரமைத்தார்கள். சிறு விமானங்களுக்கு மட்டுமே உரியது; நான் பயணம் போன சமயத்தில் அங்கிருந்து பயணிகள் சேவை எதுவும் இல்லை. ஆகவே வேலூர்க்காரர்களுக்குச் சென்னை அல்லது பெங்களூர், இரண்டில் ஒன்றுதான்.

அப்படியானால் சென்னையா, பெங்களூரா?

தூரத்தை மட்டும் பார்த்தால் சென்னை. சாலை வழியாக ஏறத்தாழ 130 கி.மீ. இரவு விமானம் என்றால் மாலையில் கிளம்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். வாலாஜாப்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே ஒரு லாரி குறுக்கே நின்றாலும் ஒரு மணி நேரம் போய்விடும். பகல் விமானமாக இருந்தால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் விமான நிலையம் போவதே நிம்மதி.

பெங்களூரு விமான நிலையம் சுமார் 220 கி.மீ. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பலரும் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் பெங்களூரு நகருக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். விமான நிலையம் இருப்பது நகரத்துக்கு வடக்கே, தேவனஹள்ளியில். சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹொசகோட்டே என்று போனால் நகருக்குள் நுழையாமலே சேர்ந்துவிடலாம். மொகிலி மலைப்பாதையில் மட்டும் இரவில் நிதானமாகப் போகச் சொல்லுங்கள். நாங்கள் அந்த வழியில்தான் போனோம். ஹொசகோட்டே தாண்டி ஒரு தேநீர் குடிக்கவும் நேரம் இருந்தது.

நான் பெங்களூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தூரமோ கட்டணமோ அல்ல. 2022 அக்டோபர் 30 முதல் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏ380 அங்கே வந்து போகிறது.

எந்த விமானம் வரும் என்பது முன்கூட்டியே எப்படித் தெரியும்?

டிக்கெட் பதிவு செய்யும்போதே விமான எண்ணுக்குக் கீழே விமானத்தின் வகையும் எழுதியிருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. நேரத்தையும் விலையையும் பார்க்கிறோம். பதினாறு மணி நேரம் எதற்குள் உட்காரப் போகிறோம் என்பதைப் பார்ப்பதில்லை. வீடு வாடகைக்கு எடுக்கும்போது அறை எத்தனை, காற்று வருமா என்று கேட்கிற நாம் இதையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வகைக்கு வகை வேறுபாடு உண்டு. பழைய வகை விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அது 6,000 அடி அளவில் இருக்கிறது. காற்றில் ஈரப்பதமும் கூடுதல். உடல் ஏறத்தாழப் பாதி கார்பன் இழைக் கலவையால் ஆனது என்பதால் இது முடிகிறது. தலைவலியும் தொண்டை வறட்சியும் குறையும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைப் பார்த்து டிக்கெட் எடுப்பது நல்லது. ஏ380 உலோக உடல் கொண்டதுதான். ஆனால் சத்தம் அவ்வளவு குறைவு. அம்மா கிளம்பி இருபது நிமிடம் கழித்து, "எஞ்சினை நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்டார்.

கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும் மீண்டும் பாருங்கள்.

அப்போது நேராகப் போகும் விமானம் இருந்தும் ஏன் மாறிப் போனீர்கள்?

பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேர் சேவையை ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய முதல் விமானத்தை வட துருவப் பகுதி வழியாக முழுக்க முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

ஆனாலும் மாறிப் போவதில் எனக்குக் கிடைப்பது அதிகம். ஒரே பயணத்தில் இரண்டு முறை கிளம்பலாம், இரண்டு முறை இறங்கலாம். அம்மாவுக்கோ, நடுவில் இறங்கிக் காலை நீட்டி நடக்க ஓர் இடம் தேவைப்பட்டது. இன்னொன்று: ஏ380 இனிமேல் தயாராகப் போவதில்லை. 2005 ஏப்ரல் 27 அன்று முதன்முதலாகப் பறந்தது. விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 251 விமானங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் 123 எமிரேட்ஸுக்கே போயின. கடைசி விமானம் 2021 டிசம்பரில் கைமாறியது. இருக்கும்போதே ஏறிவிட வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் மலிவாக இருக்கிறதே, எடுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பதில்களில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்தில் நான் அப்படி எடுத்துப் பட்ட பாடு இது. ஒரு நிறுவனத்தில் முதல் டிக்கெட், இன்னொன்றில் இரண்டாவது. எட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தேன். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இரண்டாவது நிறுவனத்தின் மேசைக்கு மூச்சிரைக்கப் போய் நின்றபோது, "நீங்கள் வரவில்லை என்று பதிவாகிவிட்டது, புது டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். முதல் நிறுவனமோ, தங்கள் பொறுப்பு அந்த ஊரில் இறக்கிவிடுவதோடு முடிந்தது என்றது. எழுத்தில் பார்த்தால் இருவர் சொன்னதும் சரி. இருபத்தாறாயிரம் ரூபாய் கொடுத்து மறுநாள் போனேன்.

ஒரே பதிவு எண்ணின் கீழ் இரண்டு விமானங்களும் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் கடைசி ஊர் வரை போகும்.

இணைப்புக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும்?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால் ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் அது வேகமாக நடக்கக் கூடியவருக்கான கணக்கு. போகும்போது எங்களுக்குத் துபாயில் கிடைத்தது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். விமானம் சரியான நேரத்தில் இறங்கியது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். தள்ளி வந்த இளைஞர் வழி தெரிந்தவர். மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை, ஒரு லிஃப்ட், நீண்ட நடை. வாயிலை அடைந்தபோது ஏறத் தொடங்கிவிட்டார்கள். நேரம் போதுமானதாகத்தான் இருந்தது. என் மனம்தான் ஒரு நிமிடமும் அமைதியாக இல்லை.

பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். திரும்பும்போது வேண்டுமென்றே ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ளதாக எடுத்தேன். துபாயின் மூன்றாம் முனையத்தில் 2013 ஜனவரியில் திறந்த ஏ பிரிவு, ஏ380 விமானங்களுக்கென்றே கட்டப்பட்டது. மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் தனித்தனிப் பாலங்கள் வந்து பொருந்தும். கண்ணாடிக்கு அப்பால் வால்கள் வரிசையாக நிற்கும். எட்டு மாடிக் கட்டிடத்தின் உயரம் ஒவ்வொன்றும். அம்மா ஒரு நாற்காலியில் சாய்ந்து தூங்கினார். நான் கண்ணாடியோரம் நின்றே இருந்தேன். 2024இல் அந்த நிலையத்தின் வழியாக 9 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் போனார்கள் என்பதைப் பின்னர் படித்தபோது வியப்பு ஏற்படவில்லை. நின்ற சில மணி நேரத்தில் அந்தக் கூட்டத்தைக் கண்ணாரப் பார்த்திருந்தேன்.

துபாய்க்கு விசா எடுக்க வேண்டுமா?

நிலையத்தை விட்டு வெளியே போகாமல் விமானம் மாறுவதற்குத் தேவையில்லை. ஐரோப்பா, பிரிட்டன் வழியாகப் போகிறவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். வெளியே போகாவிட்டாலும் சில நாடுகள் இந்தியக் கடவுச்சீட்டுக்கு டிரான்சிட் விசா கேட்கும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள்.

பெட்டியைத் துபாயில் எடுத்து மீண்டும் போட வேண்டுமா?

வேண்டாம். பெங்களூரில் பெட்டியை எடை போட்டதும் கைப்பிடியில் ஒரு நீளமான காகிதப் பட்டை ஒட்டுவார்கள். அதில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். அது கடைசி ஊரின் குறியீடாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். எங்களுடையதில் எஸ்எஃப்ஓ என்று பெரிதாகவும், டிஎக்ஸ்பி என்று வழியில் மாறும் ஊராகவும் அச்சாகியிருந்தது. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் சிறு துண்டைக் கிழித்து எறியாதீர்கள்; பெட்டி வராவிட்டால் அதுதான் சான்று.

அமெரிக்காவுக்குள் மீண்டும் ஒரு விமானம் மாற வேண்டியிருந்தால், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும்.

பெட்டி சேதமானால் பெற்றுக்கொண்ட ஏழு நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாகக் கிடைத்தால் இருபத்தொரு நாட்கள். இது மான்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. இந்தியாவும் அதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதலில், நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெல்ட்டின் அருகிலுள்ள மேசையில் பதிவு செய்துவிடுங்கள்.

ஊர்ப் பலகாரம், மசாலாப் பொடி எல்லாம் கொண்டுபோகலாமா?

முதலில் கசகசா. நம் வீட்டுக் குருமாப் பொடியிலும் பிரியாணி மசாலாவிலும் அது சேர்ந்திருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் வரும் தடைசெய்யப்பட்ட பொருள். துபாய் வழியாகப் போகும் எந்தப் பெட்டியிலும், கைப்பையிலும் அதை வைக்காதீர்கள். "ஒரு சிட்டிகைதானே" என்பது அங்கே செல்லாது. அம்மா அரைத்து வைத்திருந்த பொடியை அப்படியே அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கசகசா இல்லாமல் புதிதாக அரைத்தார்.

அடுத்தது ஆற்காடு மக்கன் பேடா. அண்ணனுக்கு அது உயிர். எவர்சில்வர் தூக்கு நிறைய, பாகோடு, அம்மா கைப்பையில் வைத்திருந்தார், நான் கவனிக்கவில்லை. பாதுகாப்புச் சோதனையில் அந்த அதிகாரி தூக்கின் மூடியைத் திறந்து மெல்லச் சாய்த்தார். பாகு ஓரத்துக்கு வந்து நின்றது. "இது திரவம், அம்மா. நூறு மில்லிக்கு மேல் விட முடியாது" என்று மரியாதையாகச் சொன்னார். அங்கேயே ஓரமாக நின்று ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். மீதியை அம்மா மூடிக் கொடுத்துவிட்டு, அந்த மேசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாகு, ஊறுகாய், நெய் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள்.

இலவம்பாடி முள் கத்திரிக்காய் கேட்டு அனுப்பியிருந்தார் அண்ணி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் காய்தான்; ஆனால் பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி எதையும் அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள். சாப்பிடும் பொருள் எது இருந்தாலும் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் பெரும்பாலும் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், மறைத்தால் அபராதம்.

பவர்பேங்கைப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். பல நிறுவனங்கள் 2025 முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் தடை விதித்திருக்கின்றன.

ஏ380இல் எந்த இருக்கை நல்லது?

பார்க்க வேண்டும் என்றால் இறக்கைக்கு முன்னால். அதன் இறக்கைகள் முனைக்கு முனை ஏறத்தாழ 80 மீட்டர். நடுப்பகுதியில் உட்கார்ந்தால் தரையே தெரியாது, இறக்கை மட்டும்தான். ஆனால் எனக்கு அந்த இறக்கையையும் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் பெங்களூரு விமானத்தில் இறக்கைக்குச் சற்றுப் பின்னாலும், அடுத்ததில் முன்னாலும் எடுத்தேன்.

ஓடத் தொடங்கும்போது இறக்கையின் நுனி தாழ்ந்திருக்கும். வேகம் கூடக் கூட மெல்ல மேலே வளையும். சக்கரம் தரையை விடுவதற்கு முன்பே இறக்கை பறக்கத் தொடங்கிவிடுகிறது. உடலைத்தான் பிறகு தூக்கிக்கொள்கிறது. அதிகாலை இருட்டில், நுனியிலிருந்த விளக்கு உயர்வதை வைத்தே அதைக் கண்டேன்.

இரண்டு கிளம்பல்களுக்கும் இருந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பெங்களூரிலிருந்து துபாய் நான்கு மணி நேரம், எரிபொருள் குறைவு. முப்பத்தைந்து நொடிக்குள் எழும்பிவிட்டது. துபாயிலிருந்து பதினாறு மணி நேரப் பயணம். ஏ380 மூன்று லட்சம் லிட்டருக்கும் மேல் எரிபொருள் கொள்ளும். அதிகபட்சமாக 575 டன் எடையோடு கிளம்பலாம். ஜூன் மாத வெயிலில் சூடேறிய காற்று மெலிந்திருக்கும். இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் வலுக் குறைவு. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஐம்பது வரை எண்ணி நிறுத்திவிட்டேன். பிறகு மிக மெதுவாக மூக்கை உயர்த்தியது. ஒரே வகை விமானம், ஐந்தாறு மணி நேர இடைவெளி, முற்றிலும் வேறு இரண்டு அனுபவங்கள்.

ஜன்னல் கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டாம். வாலின் உச்சியில் ஒரு கேமரா இருக்கிறது. எதிரே உள்ள திரையில் முழு விமானத்தையும் மேலிருந்து பார்க்கலாம்.

அமெரிக்கா மேற்கே இருக்கிறது. விமானம் ஏன் வடக்கே போகிறது?

அலுவலகத்தில் அதிகம் பேர் கேட்டது இதுதான். பிள்ளைகளின் உலக உருண்டை ஒன்றும் ஒரு நூலும் எடுங்கள். துபாயில் ஒரு முனை, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முனை, இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வழுக்கிக்கொண்டு வட துருவத்துக்கு மேல் போய் நிற்கும். துபாய் கிழக்குத் தீர்க்கரேகை 55 பாகையில் இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோ மேற்கு 122இல். கூட்டினால் 177, 180 ஆக இருந்தால் நேர் எதிர். உலகின் முதுகில் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கம். அதனால் 13,000 கி.மீ. கொண்ட மிகக் குறுகிய வழி துருவத்தை ஒட்டியே போகிறது. சுவரில் தொங்கும் தட்டையான வரைபடம் இதை நமக்குச் சொல்வதில்லை.

ஈரான், காஸ்பியன் கடல், ரஷ்யா என்று நேர் வடக்காகப் போனோம். கிளம்பும்போது எடை அதிகம் என்பதால் முதலில் தாழ்வாகவே பறக்கும்; எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக மேலே ஏறும். திரையில் உயரத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் அந்தப் படிகள் தெரியும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைக்கும் மேல் குளிர். விமான எரிபொருள் மைனஸ் 47 பாகையில் உறையத் தொடங்கும் என்பதால், இந்தப் பாதையில் விமானிகள் தொட்டியின் வெப்பநிலையையும் கவனித்தபடியே இருப்பார்கள். துருவத்தின் அருகே காந்த ஊசியையும் நம்ப முடியாது.

சூரியனைப் பாருங்கள். துபாயில் காலைச் சூரியன் வலப்பக்க ஜன்னலில் இருந்தது. ரஷ்யாவின் மேலே வாலுக்குப் பின்னால் போனது. துருவத்தைத் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலில் வந்து நின்றது. பதினாறு மணி நேரத்தில் ஒருமுறையும் மறையவில்லை. கிளம்பிய அதே நாளின் பிற்பகலில் இறங்கினோம்.

வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கண் கூசாமல் பனிக்கடலைப் பார்க்க முடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பினேன். எல்லை வரை வெண்மை. நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகளாக விரிசல். அம்மா நெற்றியைக் கண்ணாடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "காய்ச்சிய பால் ஆறி ஏடு கட்டியிருக்கிறது. யாரோ கரண்டியால் தொட்டுவிட்டார்கள்" என்றார். பிறகு அவர் தூங்கவில்லை.

பதினாறு மணி நேரம் வயதானவர்களால் உட்கார முடியுமா?

முடியும், ஆனால் தொடர்ந்து உட்காரக் கூடாது. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றலாம். அம்மாவுக்கு மருத்துவர் சொன்னபடி இறுக்கமான காலுறை அணிவித்திருந்தேன். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். மருந்தையும் சீட்டையும் கைப்பையில் வையுங்கள்.

சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். கட்டணம் இல்லை. நடக்க முடிகிறவர்களுக்கு எதற்கு என்று அம்மாவும் முதலில் மறுத்தார். துபாயில் தூரத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கோடையில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதாவது பகலும் இரவும் இடம் மாறிவிடும். போய்ச் சேர்ந்ததும் தூங்காமல் இருட்டும் வரை வெளியே வெயிலில் நடப்பது எங்களுக்கு உதவியது. சரியாக ஐந்து நாள் ஆனது.

விமானங்களைப் படம் எடுத்தால் பிடித்துக்கொள்வார்களா?

பறக்கும்போது ஜன்னலோரத்தில் பயணிகள் படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் பாதுகாப்புப் படைகளின் தளமாகவும் இருக்கும் விமான நிலையங்களில் தரையிலும், ஏறி இறங்கும்போதும் எடுக்கக் கூடாது. சோதனைக் கூடம், குடியேற்றப் பகுதி எங்கேயும் கூடாது. அரக்கோணம் தளத்தின் அருகே போய் விமானத்தைப் படம் எடுக்கலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: கூடவே கூடாது. சாலையில் நின்று கண்ணால் பாருங்கள். முப்பது ஆண்டுகளாக நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வேலூரில் இருந்துகொண்டே இந்த ஆசையை வளர்த்துக்கொள்ள வழி உண்டா?

நிறைய. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பறக்கும் விமானங்கள் நம் தலைக்கு மேலேதான் போகின்றன. ஒவ்வொரு விமானமும் தன் இடம், உயரம், வேகத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் அலையில் சொல்லிக்கொண்டே போகும். சிறிய யுஎஸ்பி ரேடியோ கருவி ஒன்றும், மாடியில் ஓர் ஆன்டெனாவும் இருந்தால் அதைக் கேட்கலாம். ஃபிளைட்ராடார்24 போன்ற தளங்கள் உலகமெங்கும் இப்படி ஆர்வலர்கள் மாடியில் வைத்த கருவிகளைக் கொண்டே இயங்குகின்றன. மலைகள் மறைக்காத திசையில் முந்நூறு கிலோமீட்டர் வரை எனக்குக் கிடைக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் மாலையில் மாடிக்கு வந்துவிடுவார்கள்; சத்தம் கேட்டதும் திரையைப் பார்க்காமல் எந்த வகை என்று சொல்வதுதான் அவர்களுடைய போட்டி.

திரும்பி வந்தது எப்படி இருந்தது?

துபாயிலிருந்து சென்னைக்கு போயிங் 777இல் வந்தோம். காலை நேரம். இறங்கத் தொடங்கியதும் வலப்பக்க ஜன்னலில் பாலாறு தெரிந்தது. தண்ணீர் இல்லை, அகன்ற வெளிறிய மணல். அதற்கு அப்பால் பாலமதி மலை. அம்மாவுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு தாழ்ந்துகொண்டே வந்தபோது ஏரிகளுக்கு நடுவே நீளமான சாம்பல் கோடு ஒன்று. ராஜாளியின் ஓடுதளம். அதன் பக்கத்தில் அரக்கோணம் ரயில் பாதைகள் விரிந்து சேர்ந்தன. நான் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் என்று தேடினேன். கேமரா பையிலேயே இருந்தது.

மெட்ரோவில் சென்ட்ரல் வந்து காட்பாடிக்கு ரயில் ஏறினோம். அரக்கோணத்தில் வண்டி நின்றபோது அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, நம் ஊர் நேரத்துக்கு மாற்றித் தரச் சொன்னார்.